அறுநூற்றுப் பன்னிரண்டு

"கண்ணச் சிமிட்டாதடா. ரெண்டே ரெண்டு நொடி!"

அக்கா இடக்கை விரலால் தம்பியின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையிலிருந்த சாம்பல் நிற அட்டையை அவன் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனாள். அட்டையின் நடுவே தபால்தலை அளவுக்கு ஒரு துளை வெட்டப்பட்டிருந்தது. துளைக்குப் பின்னால் வண்ணப் புத்தகத்தின் ஏடு ஒன்று மேலும் கீழுமாக நகர்ந்தது. காலை மணி பத்து. வடக்கு ஜன்னலின் திரை முழுவதும் விலக்கப்பட்டிருந்தது. அறை விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. தான் அணிந்திருந்த சிவப்பு உடையின் சாயல் பார்வையில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக அக்கா ஒரு சாம்பல் நிறச் சால்வையையும் போர்த்தியிருந்தாள். நிறம் பார்ப்பதற்கென்று வகுக்கப்பட்ட விதிகளில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை.

நேற்றுப் பொருந்திய கட்டம் இன்று பொருந்தவில்லை. துளைக்குள் தெரிந்த மஞ்சள், தம்பியின் விழி வெண்மையில் படிந்திருந்த மஞ்சளைவிட அடர்த்தியாக இருந்தது. அவள் ஏட்டை நகர்த்தி ஒரு கட்டம் வெளிறிய மஞ்சளைத் துளைக்குக் கொண்டுவந்தாள். அதுவும் அடர்த்தி. இன்னும் ஒரு கட்டம். அப்போதும் இல்லை. அதற்கடுத்த கட்டம் துளைக்குள் வந்து நின்றபோது, விழி எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

"டேய்!" என்றாள். "அறுநூத்துப் பன்னெண்டு!"

"கூவாத. யாரோ ஏலம் எடுக்கிறாங்கன்னு தெருவே கூடிடும்."

"நேத்து பதினஞ்சுடா! ஒரே ராத்திரில மூணு நம்பர் இறங்கியிருக்கு! மருந்து வேலை செய்யுதுடா!"

தம்பி தலையணையில் சாய்ந்தபடியே உதட்டோரத்தில் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல? நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்ச."

அவர்கள் இருவரும் ஒரே அச்சகத்தில் வேலை செய்பவர்கள். ஐம்பத்தொரு வயதான அக்கா, பெட்டிகளுக்கும் பொட்டலங்களுக்கும் வடிவமைப்புச் செய்பவள். அவளைவிட ஏழு வயது இளையவனான தம்பி, நிறங்களைக் கலக்கும் மைக்கூடத்தின் தலைவன். இருவரையும் வாழவைத்தது அந்த வண்ணப் புத்தகம். விசிறியைப் போல ஒரு முனையில் திருகாணியால் கோக்கப்பட்ட ஏடுகள். ஏட்டுக்கு ஏழு கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எண். ஓர் ஊரிலிருந்து எண்ணைச் சொன்னால், முகம் அறியாத இன்னொருவர் இன்னோர் ஊரில் அதே நிறத்தை இம்மியும் பிசகாமல் கலந்துவிடலாம். கிளி மூக்குச் சிவப்பு, பழுத்த பழ மஞ்சள் என்று வாடிக்கையாளர் யாராவது வாயைத் திறந்தால், தம்பி காதைப் பொத்திக்கொள்வான். "பழம் எத்தனாவது நாள் பழம்? நம்பரச் சொல்லுங்க சார்," என்பான். இதனாலேயே அச்சகத்தில் அவனுக்கு நம்பர் என்று பெயர்.

நோயைக் கண்டுபிடித்ததும் அந்தப் புத்தகமே. மூன்று மாதங்களுக்கு முன், ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கான மஞ்சளைக் கலந்துகொண்டிருந்தவன், ஏட்டைக் கையில் பிடித்தபடி மைக்கூடத்துக் கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தான். தன் விழியும் அறுநூற்றுப் பத்தும் ஒன்றாக இருந்தன. "அக்கா, நம்ம பிஸ்கட் என் கண்ணுக்குள்ள அச்சாக ஆரம்பிச்சிடுச்சு," என்று சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னான். கல்லீரல் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து காலை பத்து மணி வாசிப்பு தவறியதே இல்லை. பிஸ்கட்டின் எண் அறுநூற்றுப் பதின்மூன்று. அதைக் கடந்த நாளில், "பிஸ்கட்டத் தாண்டிட்டேன். இனிமே என்னைய எந்தக் கம்பெனியும் வாங்காது," என்று அறிவித்தான். ஏட்டின் கடைசிக் கட்டம் பதினாறு. அதற்குப் பின் என்ன என்று இருவருமே பேசியதில்லை.

முந்தாநாள் மருத்துவர் அக்காவை வாசல்வரை அழைத்துச் சென்று, இந்த வாரத்தைத் தாண்டுவது கடினம் என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார். அவள் அதை ஏற்கவில்லை. அவர் கையிலிருந்தது போன வாரத்து இரத்தப் பரிசோதனை. தன் கையிலிருந்தது அன்றன்றைய எண். புது மருந்து தொடங்கி நான்கு நாட்கள்தானே ஆகின்றன என்று வாதாடினாள். இதோ, ஆறாம் நாளில் மருந்து பேசிவிட்டது!

"டீச்சர்! இங்க ஓடி வா!" என்று கத்தினாள்.

தம்பியின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பள்ளியில் பாடம் நடத்துபவள் என்பதால் வீட்டிலும் அவள் டீச்சர்தான். கட்டிய கணவனும் அப்படித்தான் அழைத்தான். அக்கா எண்ணைச் சொன்னதும், டீச்சர் கணவனைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்படியா அண்ணி," என்றாள். "நல்லது."

"என்ன நல்லது? எழுதி வெச்சத படிக்கிற மாதிரி சொல்ற! மூணு நம்பர்மா!"

"அவளுக்கு எப்பவுமே கணக்குல வீக்," என்றான் தம்பி. "சரி, நீ கிளம்பு. மெஷின் பதினொண்ணுக்கு ஓடணும்ல?"

அன்று போவதில்லை என்றே அக்கா காலையில் முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு அவளுக்கு எளிதாக இருக்கவில்லை. அந்த பிஸ்கட் பொட்டலம் மூன்று ஊர்களில், மூன்று அச்சகங்களில் அச்சாவது. மூவரும் தத்தம் மனம்போல மஞ்சளைக் கலந்ததால், கடைத்தட்டில் அவை மூன்று கம்பெனிகளின் சரக்காகத் தெரிந்தன. வெளிறியிருப்பதைப் பழைய சரக்கென்று எண்ணி மக்கள் ஒதுக்கினார்கள். ஒரே எண், ஒரே தாள், ஒரே நாள் என்று இரண்டு ஆண்டுகள் வாதாடி முதலாளிகளை வழிக்குக் கொண்டுவந்தவள் அவள். இன்று மூன்று இயந்திரங்களும் ஒருசேர ஓடவிருந்தன. முதல் ஷீட்டில் கையெழுத்திட வேண்டியவள் அவள். அவள் போகாவிட்டால் விற்பனை மேலாளர் கையெழுத்திடுவார்; அவரைப் பொறுத்தவரை உலகில் இருப்பவை மொத்தம் நான்கு நிறங்கள்.

"நிஜமா போகட்டுமாடா?"

"போகாம? நான் என்ன ஓடியா போயிடப் போறேன்? பன்னெண்டுல இருக்கிறவன் எங்க போவான்? பாஸ் பண்ணிட்டு வந்து முழுக் கதையும் சொல்லு. மெஷின் ஓட்டுற பட்டாசு என்னென்ன சொன்னான்னு ஒரு வார்த்த விடாம சொல்லணும்."

அக்கா எழுந்தாள். சால்வையை உதறினாள். வண்ணப் புத்தகத்தையும் அட்டையையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"அத எதுக்கு எடுக்கிற?" தம்பி தலையைத் தூக்கினான். "அங்க லைட் பூத்துலயே ஒண்ணு தொங்குதுல்ல? இத இங்க வெச்சிட்டுப் போ."

"இது ராசியான புக்குடா. இன்னைக்கு இதுதான் என்கூட வரும்."

"அக்கா, சொன்னாக் கேளு..."

"ஒரு மணிக்கு வந்துடுவேன்!"

படியிறங்கும்போது அவள் கால்கள் தரையில் பாவவில்லை. தெரு முனையில் பழக்கமில்லாத ஒருவருக்குக்கூட வணக்கம் சொன்னாள். பேருந்தில் நின்றுகொண்டே, இந்த வேகத்தில் இறங்கினால் செவ்வாய்க்கிழமைக்குள் அறுநூற்றுப் பத்து, அடுத்த வெள்ளிக்கு வெள்ளை என்று கணக்குப் போட்டாள். நடத்துநர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சீட்டு வாங்க வேண்டும் என்பதே நினைவுக்கு வந்தது.

அச்சுக்கூடத்தில் இயந்திரம் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. அதை இயக்குபவருக்குப் பட்டாசு என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய குரல்; இயந்திர இரைச்சலிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர், வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"வாங்க மேடம்! நம்பர் எப்படி இருக்கான்?"

"இறங்கிட்டான் அண்ணே! மூணு நம்பர்!"

"அப்படிப் போடு!" என்று அவர் இரும்புச் சட்டத்தை ஓங்கித் தட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தாள் அடுக்குபவர், வெட்டுபவர், அச்சுத் தகடு கழுவும் பெண் என எல்லோரும் கேட்டார்கள். எல்லோரிடமும் அவள் புதிதாகச் சொன்னாள்.

பதினொன்று இருபதுக்கு முதல் நல்ல ஷீட் வெளியே வந்தது. பட்டாசு அதை இரு கைகளாலும் ஏந்தி வந்து, லைட் பூத் என்னும் வெளிச்சப் பெட்டியின் அடியில் விரித்தார். பகலொளிக்கு நிகரான விளக்கு, சாம்பல் சுவர்கள். அக்கா தன் புத்தகத்தை எடுத்தாள்; அட்டைத் துளைக்குள் அறுநூற்றுப் பதின்மூன்றை நிறுத்தினாள்; ஷீட்டின் மேல் வைத்தாள்.

ஷீட் வெளிறியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம்போல இருந்தது.

"என்ன அண்ணே இது? மை போட்டீங்களா, தண்ணி தெளிச்சீங்களா?"

பட்டாசின் முகம் சுருங்கியது. "மேடம், இது நம்பரோட ஃபார்முலா. கிராம் சுத்தமா நிறுத்துப் போட்டது."

"நிறுத்தது சரி, ஏறலையே! அடர்த்தி ஏத்துங்க."

ஏற்றினார். இருநூறு தாள்கள் ஓடின. போதவில்லை. மீண்டும் ஏற்றினார். மை உருளைகள் சளசளவென்று சத்தமிடத் தொடங்கின. அடுத்து வந்த ஷீட்டை விரலால் தொட்ட பட்டாசு, மஞ்சளான விரலை உயர்த்திக் காட்டினார்.

"பாத்தீங்களா? இதுக்கு மேல ஏத்தினா காயாது. அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பிஸ்கட் தின்ன வர்ற பிள்ளைங்க கையெல்லாம் மஞ்சளாயிடும்."

"பதிமூணு வரலையே! இந்தா, நீங்களே பாருங்க!"

"நான் எதுக்குப் பாக்கணும்? மீட்டர் பாக்கட்டும்." அவர் கையடக்க அளவீட்டுக் கருவியை முதல் ஷீட்டின் மேல் அழுத்தினார். அது பீப் என்றது. "சரின்னு சொல்லுது. இப்போ ஓடுறத வெச்சா, அளவு மீறிடுச்சுன்னு வாந்தி எடுக்குது."

"உங்க மீட்டர என்னைக்குக் கீழ போட்டீங்க?"

"மேடம்! என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. மீட்டரச் சொல்லாதீங்க."

சுற்றியிருந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்காவுக்கு இரத்தம் தலைக்கேறியிருந்தது. ஆனால் அது கோபமில்லை. இன்று தான் எதைத் தொட்டாலும் துலங்கும் என்னும் துணிச்சல் அது. மற்ற இரண்டு அச்சகங்களுக்கும் அங்கேயே நின்று தொலைபேசியில் பேசினாள். மஞ்சள் வெளிறுகிறது, நிறுத்தி வையுங்கள், அரை மணியில் புதிய அளவு தருகிறேன் என்றாள். ஓர் ஊரில் சரியென்றார்கள். இன்னோர் ஊரிலிருந்தவர், "எங்களுக்கு கரெக்டா இருக்குங்களே மேடம்," என்று இழுத்தார்.

"உங்க புக் எந்த வருஷம்?" என்று அக்கா அதட்டினாள்.

"இந்த வருஷந்தாங்க. உங்களது?"

பதில் சொல்லவும் வேண்டுமா என்பதுபோல அவள் அழைப்பைத் துண்டித்தாள். வண்ணப் புத்தகத்துக்கு ஆயுள் ஒரு வருடம்; அதற்கு மேல் தாளும் மையும் பழுத்து, எண் ஒன்று சொல்ல நிறம் வேறொன்று சொல்லும். பழைய புத்தகங்களைக் கிழித்துப் போடச் சொல்லி அச்சகத்தையே ஆட்டி வைத்தவன் அவள் தம்பி.

இதற்குள் பட்டாசு வெளிச்சப் பெட்டியில் தொங்கிய புத்தகத்தை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். "வாங்க. உங்க பதிமூணையும் என் பதிமூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடுவோம். தோத்தவங்க எல்லாருக்கும் டீ."

"சக்கரை தூக்கலா சொல்லி வைங்க," என்றபடி அக்கா அட்டையை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, ஏட்டை முழுமையாக விரித்தாள்.

அட்டை இல்லாமல் அந்த ஏட்டை அவள் அன்று பார்ப்பது அதுவே முதல்முறை. கட்டங்களுக்கு இடையிலிருந்த வெள்ளை ஓரங்கள் வெள்ளையாக இல்லை. பக்கத்து ஏடுகளெல்லாம் பால்போல இருக்க, அது ஒன்று மட்டும் பழைய கடிதத்தின் நிறத்தில் இருந்தது. அவள் அதைத் திருப்பினாள். பின்புறத்தின் அடியில், எறும்பு எழுத்தில், ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய வருடம் இருந்தது. புத்தகத்தின் மற்ற ஏடுகளில் இந்த வருடம். ஏடுகளைக் கோத்திருந்த திருகாணியின் தலையில் புதுக் கீறல்கள் மின்னின.

பட்டாசு தன் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அக்கா இரண்டு ஏடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தினாள். காலையில் தம்பியின் விழியோடு இழைந்து கலந்த அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண் கட்டத்தை எடுத்து, புதிய ஏட்டின் பதின்மூன்றோடு சேர்த்தாள். பொருந்தவில்லை. பதினான்கோடு சேர்த்தாள். பதினைந்தோடு சேர்த்தாள். பதினாறில் போய் நின்றது. அதற்குக் கீழே தாள்தான் இருந்தது.

ஒரே ஓர் ஏடு. அதைக் கழற்றி மாட்டுவதற்கு, எது தன் கண்ணுக்கு முன்னால் வரப்போகிறதோ அதை மட்டும் தெரிந்து மாற்றுவதற்கு, உலகத்தில் ஒருவனால்தான் முடியும். ஊருக்கெல்லாம் கிழிக்கச் சொன்னவன், தன்னிடம் ஒன்றை வைத்திருந்திருக்கிறான்.

"மேடம்," என்றார் பட்டாசு. தணிந்த குரலில் அவரால் பேச முடியும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. "முதல் ஷீட்ட எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்துட்டு வாங்க."

அவள் புதிய ஏட்டை வைத்துப் பார்த்தாள். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. தம்பி கலந்த மஞ்சள் தாளில் எழுந்து நின்று சிரித்தது. பேனாவை வாங்கி ஓரத்தில் கையெழுத்திட்டு, நேரத்தைப் பதினொன்று இருபது என்று எழுதினாள். அடுத்து இரண்டு ஊர்களுக்கும் பேசினாள். "தப்பு என்மேல. உங்களது சரி. ஓட்டுங்க." இழுத்துப் பேசியவர் ஏதோ கேட்க வந்தார், அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"இத எடுத்துட்டுப் போங்க," என்று பட்டாசு அச்சகத்துப் புத்தகத்தை நீட்டினார்.

அக்கா அதைப் பார்த்தாள். "வேணாம் அண்ணே," என்றாள். "மெஷினுக்கு வேணும்."

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, பின்னிருக்கையின் விளிம்பில் அமர்ந்து, "கொஞ்சம் வேகமா, கொஞ்சம் வேகமா" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "பிரசவமா அம்மா?"

"இல்லங்க. பாஸ் ஆயிடுச்சு," என்றாள்.

கதவைத் திறந்தவள் டீச்சர். அவள் கணவனின் கம்பளிக் காலுறைகளைக் கையில் வைத்திருந்தாள். அக்காவின் முகத்தை ஒரு நொடி படித்தாள். மாணவர்களின் முகத்தைப் படித்துப் பழகியவள் அல்லவா?

"நேத்து சாயங்காலம் அவரு திருகாணியக் கழட்டினப்ப நான்தான் டார்ச் புடிச்சேன் அண்ணி," என்றாள்.

"எப்படி இருக்கான்?"

"நீங்க போனதுலேர்ந்து வாசலையே பாத்துட்டு இருக்காரு. மூச்சு ஒரு மாதிரி இருக்கு. டாக்டருக்குச் சொல்லிட்டேன்."

தம்பி இன்னும் கொஞ்சம் சிறியவனாகியிருந்தான். இரண்டு மணி நேரத்தில் ஒருவன் அப்படிச் சுருங்க முடியுமா என்று அவள் திகைத்தாள். ஆயினும் அவன் கண்கள் திறந்திருந்தன. அவற்றில் பழைய குறும்பு மிச்சமிருந்தது.

"பாஸா?" என்றான்.

"பாஸுடா!"

"எத்தனாவது ஷீட்டு?"

"முதல் ஷீட்டே."

அவன் கண்ணை மூடித் திறந்தான். அவனிடமிருந்து கைதட்டல் அந்த அளவுக்குத்தான் வர முடிந்தது. பிறகு கேட்டான்: "புக்கு?"

அக்கா பையிலிருந்து அதை எடுத்தாள். கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, மஞ்சள் ஏட்டை விரித்தாள்.

"சாம்பல் அட்டை எங்க?"

"மெஷின் மேல வெச்சிட்டு வந்துட்டேன்."

அவன் அந்த ஏட்டைப் பார்த்தான், அதன் பழுத்த ஓரங்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். டீச்சர் கால்மாட்டில் குனிந்து, காலுறையைப் பிரித்து மாட்டத் தொடங்கினாள்.

"அட்டை இல்லாம பாத்தா தப்பு வருமே," என்றான் தம்பி.

"எனக்கு வராது."

"ஓ."

"கண்ணச் சிமிட்டாத."

அவள் இமையை இழுத்துப் பிடித்தாள். முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டாள். ஏட்டை அவன் கண்ணோரத்தில் வைத்து, முறைப்படி மேலும் கீழும் நகர்த்தினாள். எந்த அவசரமும் காட்டவில்லை.

"எவ்வளவு?"

"பதினொண்ணு."

"காலைல பன்னெண்டுதானே?"

"இப்போ பதினொண்ணு."

தம்பி நெடுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நல்ல மருந்துதான்," என்றான் கடைசியில். பிறகு, "கதையச் சொல்லு. பட்டாசு என்ன சொன்னான்?"

அக்கா சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சத்தத்தைக் குறைக்கவுமில்லை. எழுந்து நின்று நடித்தே காட்டினாள். பட்டாசு விரலை உயர்த்தியதையும், மீட்டர் வாந்தியெடுத்ததையும், டீக்குப் பந்தயம் கட்டியதையும், இன்னோர் ஊர்க்காரரை அதட்டியதையும் வரிசையாகச் சொன்னாள். எதனால் அத்தனையும் நடந்தது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. "பிஸ்கட் தின்னா கை மஞ்சளாயிடுமா?" என்று அவன் சிரித்தபோது அது இருமலாக மாறியது. டீச்சர் அவன் மார்பைத் தடவிக்கொடுத்தாள். சிரிப்பு அவளுக்கும் தொற்றியது. மூவரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றான் தம்பி. "மீட்டர்லேர்ந்து."

மீட்டரிலிருந்து சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்று மணிக்குமேல் கேள்விகள் குறைந்தன. "ம்" கொட்டுவது மட்டும் தொடர்ந்தது; பிறகு அதுவும் இடைவிட்டு வந்தது. டீச்சர் கால்மாட்டில் அமர்ந்து அவன் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். கைக்கு வேலை இருந்ததால் வாய்க்கும் வேலை கொடுத்தாள். தன் வகுப்பில் ஒரு பிள்ளை கழித்தல் கணக்கில் கடன் வாங்க மறுத்து அழுத கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். அக்கா தலைமாட்டில் இருந்தாள். அவளுக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது.

நான்கு பன்னிரண்டுக்கு அவன் மார்பு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. பிறகு உயரவில்லை.

அக்கா காத்திருந்தாள். கைவிரல்களை அவன் மூக்கருகே கொண்டுபோய், நெற்றி முடியை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டு எடுத்துக்கொண்டாள். டீச்சர் குனிந்தபடி பேசிக்கொண்டிருந்தாள். "கடன் வாங்கினா திருப்பித் தரணும், எங்கிட்ட ஒண்ணுமில்லைங்குது அந்தப் பிள்ள. நான் என்ன சொல்றது சொல்லுங்க? பக்கத்து எண் நல்ல எண்ணு, திருப்பிக் கேக்காதுன்னேன். அப்புறம்தான் கணக்கப் போட்டுச்சு." அவள் கட்டை விரல்கள் காலுறையின் மேல் வட்டமிட்டுக்கொண்டே இருந்தன. அவள் குரலில் வெகுநாள் கழித்து ஓர் இலகுத்தன்மை வந்திருந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், டீச்சரின் உச்சி வகிட்டைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

கதை முடிந்தது. அடுத்து, தலைமையாசிரியை மேடையில் செருப்பைத் தொலைத்த கதை வந்தது. அதுவும் முடிந்து, "தூங்கிட்டீங்களா?" என்று டீச்சர் நிமிர்ந்தபோது மணி நாலரை.

மருத்துவர் ஐந்தேகாலுக்கு வந்தார். பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்தார். மேசையில் அமர்ந்து படிவத்தை எடுத்து, வயது, தொழில், காரணம் என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். நேரம் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். மூன்று மாதங்களாக நாள் தவறாமல் அவருக்கு எண் சொல்லி வந்தவள் அவள்.

"எத்தன மணி?"

"நாலரை டாக்டர்," என்றாள் டீச்சர் சுவரோரத்திலிருந்து. "அதுவரைக்கும் நான் பேசினத கேட்டுட்டுதான் இருந்தாரு."

மருத்துவரின் பார்வை அக்காவைவிட்டு அகலவில்லை. பேனா தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

"நாலரை," என்றாள் அக்கா.

மருத்துவர் எழுதினார். டீச்சர் கட்டிலருகே போய்க் குனிந்து, கழன்றுகொண்டிருந்த இடக்கால் காலுறையைக் குதிகால் வரை இழுத்துவிட்டாள்.